‘டன்லப் ஒண்ணு குடுங்க!’ - பிழைக்க வந்தவர்கள் கட்டிய அம்பத்தூர், ஆவடியின் கதை

பாடியிலிருந்து ஆவடி பக்கம் போகும் மாநகரப் பேருந்தில் ஏறி, கண்டக்டரின் குரலைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். “லூகாஸ் இறங்கு... பிரிட்டானியா இறங்கு... டி.ஐ. சைக்கிள்... டன்லப்...”

மற்ற ஊர்களில் பஸ் ஸ்டாப் என்றால் பிள்ளையார் கோயில் இருக்கும், ஆலமரம் இருக்கும், ஏதாவது ஒரு தலைவரின் சிலை இருக்கும். சென்னையின் மேற்குப் புறநகரில் மட்டும் கம்பெனிகளின் பெயர்களே ஊர்ப் பெயர்கள். டன்லப் டயர் ஆலை 1959-ல் இங்கே வந்தது. 1990-களின் இறுதியில் தடுமாறத் தொடங்கியது. அந்த ஆலையில் டயர் செய்த தலைமுறை ஓய்வுபெற்று, பேரன் பேத்தி எடுத்துவிட்டது. ஆனால், “டன்லப் ஒண்ணு குடுங்க” என்று டிக்கெட் வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்படி வாங்குபவர்களில் இன்று கணிசமானவர்கள் அந்தப் பெயரை இந்தி வாடையோடும் ஒடியா வாடையோடும் உச்சரிக்கிறார்கள். “எங்கிருந்துதான் இவ்வளவு பேர் வர்றாங்களோ?” என்று பக்கத்து சீட்டில் ஒருவர் சலித்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. கொஞ்சம் பின்னோக்கிப் போனால், அப்படிச் சலித்துக்கொள்பவரின் அப்பாவோ தாத்தாவோ தகரப்பெட்டியோடு இதே சாலையில் வந்து இறங்கியவராக இருப்பார். இந்த ஊரின் கதையே அதுதான்.

தேவாரம் பாடிய ஊர், ஏரி பாய்ந்த வயல்

தொழிற்சாலைகள் வருவதற்கு முன் இவை பழைமையான கிராமங்கள். பாடியில் இருக்கும் திருவலிதாயம் சம்பந்தர் பாடிய தலம். திருமுல்லைவாயில் சுந்தரர் பாடிய தலம். பூந்தமல்லி, திருக்கச்சிநம்பி பிறந்த ஊர். தினமும் இங்கிருந்து பூ எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குச் சாத்தப் போவார் என்பது அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஒரு வகையில், பூந்தமல்லியின் முதல் ‘டெய்லி பாசஞ்சர்’ அவர்தான்!

அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி எனத் தொட்டுத் தொட்டு ஏரிகள். அவற்றை நம்பி நெல் வயல்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியபோது இந்த வயல்களின் ஊடாகத்தான் போனது. தண்டவாளம் வந்த பிறகும் நூறு ஆண்டுகள் கிராமங்கள் பெரிதாக மாறவில்லை. ஆவடி மட்டும் இரண்டாம் உலகப் போரின்போது பெரிய ராணுவத் தளமானது. இன்றைக்கும் மின்சார ரயில் அட்டவணையில் ‘பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்’ என்று ஒரு பெயர் இருக்கிறதே, அது இந்த ஊரின் ராணுவத் தொடர்பைச் சொல்லும் அடையாளம்.

சைக்கிளில் தொடங்கி டேங்க் வரை

பெரிய மாற்றம் சைக்கிளில் வந்தது. முருகப்பா குடும்பத்தினர் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அம்பத்தூரில் ஆலை அமைத்தார்கள். இந்தக் குடும்பமும் ஒரு காலத்தில் ஊர்விட்டு ஊர் போனதுதான். செட்டிநாட்டின் பள்ளத்தூரிலிருந்து பர்மாவுக்குப் போய்த் தொழில் செய்தவர்கள், உலகப் போருக்கு முன்பே முதலீட்டைத் தாயகத்துக்குத் திருப்பியவர்கள். ஆக, தொழிலாளிக்கு முன்பு முதலாளியும் ஒரு புலம்பெயர்ந்தவர்தான். அந்த ஆங்கிலேய நிறுவனத்தின் தலைவர் பெயரில்தான் அம்பத்தூரின் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் மருத்துவமனை இன்றும் நடக்கிறது.

1955 ஜனவரியில் ஆவடி நாடு முழுக்கப் பேசப்பட்டது. காமராஜர் முதலமைச்சராக இருந்த நேரம். இங்கு நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான், இந்தியா ‘சோஷலிச பாணி சமுதாயத்தை’ நோக்கிப் போகும் என்று நேருவின் கட்சி தீர்மானம் போட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி, கொஞ்ச தூரத்தில் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு தொடங்கிவைத்தார்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்றாக ஆலைகள் வந்தன. 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-ல் சுந்தரம் கிளேட்டன் என மூன்றும் பாடியில். ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை. ஊர்க்காரர்களுக்கு அது ‘எச்.வி.எஃப்.’ அல்லது ‘டேங்க் ஃபேக்டரி’. இந்தியாவில் தயாரான முதல் விஜயந்தா டேங்க் 1965-ல் அங்கிருந்து வெளியே வந்தது. பக்கத்திலேயே ராணுவ வீரர்களுக்கு உடை தைக்கும் ஓ.சி.எஃப்.

இவற்றுக்கெல்லாம் நட்டும் போல்ட்டும் யார் செய்வது? அதற்குத்தான் 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பரப்பு. லேத் பட்டறை, பிரஸ் ஷாப், ஃபவுண்டரி, டை மேக்கிங், பெயின்டிங் எனச் சின்னதும் பெரியதுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழில்கூடங்கள். பெரிய கம்பெனிக்குக் கை கால் மாதிரி அவை. தெற்காசியாவின் மிகப்பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய அந்த இடத்துக்கு, சுற்றுவட்டாரத்தில் ஒரே பெயர்தான்: எஸ்டேட்.

ஒரு கிரவுண்டு கனவு

ஆலைக்கு ஆள் வேண்டும். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கமிருந்து கடை வைக்க வந்தார்கள். கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தார்கள். ஆவடி மத்திய அரசு ஆலைகளுக்கு இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் மாற்றலாகி வந்ததால், ஒரே குவார்ட்டர்ஸ் வரிசையில் நாலு மொழி கேட்கும்.

முதலில் அண்ணன் வருவார். மேன்ஷனிலோ தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலோ தங்குவார். ஐ.டி.ஐ. முடித்த தம்பியை அடுத்த வருடம் கூப்பிட்டுக்கொள்வார். பிறகு மச்சான், பிறகு பக்கத்து வீட்டுப் பையன். இப்படித்தான் ஒரு கிராமத்தின் பாதி இளைஞர்கள் ஒரே பட்டறையில் ஃபிட்டராகவும் டர்னராகவும் இருப்பார்கள்.

அந்தத் தலைமுறைக்கு வேலை கடினம்தான். ஆனால், பெரிய ஆலைகளில் நிரந்தரம் ஆனவர்களுக்கு அந்த வேலையோடு சில விஷயங்கள் சேர்ந்து வந்தன. பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், கேன்டீன், தட்டிக்கேட்க ஒரு யூனியன். சொசைட்டியில் லோன் போட்டு, மனைவியின் நகையை அடகு வைத்து, ஒரு கிரவுண்டு மனை வாங்கினார்கள். 2,400 சதுர அடி. முதலில் கீற்றுக் கொட்டகை, பிறகு ஓடு, பிறகு தளம். ஏரிக்குப் பாய்ந்த கால்வாய்களும் வயல்களும் ‘நகர்’களாக மாறின. ரோடும் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தன. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்பதற்கும், கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதற்கும் காரணம், திட்டமிட்டதற்கு முன்பே இந்த ஊர் வளர்ந்துவிட்டதுதான்.

2001-ல் சுமார் 3 லட்சமாக இருந்த அம்பத்தூரின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில் 4.66 லட்சம் ஆனது. ஆவடி 3.45 லட்சத்தைத் தாண்டியது. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடி தனி மாநகராட்சி ஆனது. பிழைக்க வந்தவர்கள் ‘லோக்கல்’ ஆனார்கள்.

சிகாகோ பக்கம் ஒரு நடை

இதே கதை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்தது. 1840-ல் சிகாகோவின் மக்கள்தொகை வெறும் நாலாயிரத்துச் சொச்சம். ரயில் பாதைகள் வந்தன, இறைச்சிக் கூடங்கள் வந்தன, இரும்பு ஆலைகள் வந்தன. 1890-ல் அது 11 லட்சம் பேர் வாழும் நகரம். அவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள்.

நியூயார்க் துறைமுகத்தில் 1892-ல் திறந்த எல்லிஸ் தீவுச் சோதனைச் சாவடி வழியாக மட்டும் சுமார் 1.2 கோடி பேர் உள்ளே வந்தார்கள். அங்கேயும் அண்ணன் தம்பியை அழைத்தார், ஊர்க்காரர் ஊர்க்காரருக்கு வேலை பிடித்துக்கொடுத்தார். காற்றும் வெளிச்சமும் இல்லாத ‘டெனமென்ட்’ அறைகளில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். டென்மார்க்கிலிருந்து பிழைக்க வந்து பத்திரிகையாளரான ஜேக்கப் ரீஸ், அந்த அறைகளைப் படம்பிடித்து 1890-ல் புத்தகமாகப் போட்டார். 1901-ல் நியூயார்க்கில் புதிய சட்டம் வந்தது. புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறை வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

அங்கே நடந்த இன்னொன்றும் நமக்குப் பழக்கமானது. அயர்லாந்துக்காரர்கள் வந்தபோது அவர்களை ஏளனம் செய்தார்கள். அவர்கள் காலூன்றியதும் இத்தாலியர்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். சீனர்கள் வருவதைத் தடுக்க 1882-ல் சட்டமே போட்டார்கள். ஒவ்வோர் அலையும் தனக்குப் பின்னால் வரும் அலையைப் பார்த்து, “ஊர் கெட்டுப்போச்சு” என்றது.

கோரமண்டலில் வரும் அடுத்த அலை

அமெரிக்காவுக்குக் கப்பல் மாதிரி, நம் ஊருக்கு ரயில். கோரமண்டல் எக்ஸ்பிரஸிலும், தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸிலும் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே வந்து, சென்ட்ரலில் இறங்கி மின்சார ரயில் மாறி, பட்டரவாக்கத்திலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இறங்குகிறார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம். 2023 ஜூன் 2-ம் தேதி ஒடிசாவின் பாலசோர் அருகே கோரமண்டல் விபத்துக்குள்ளாகி, மூன்று ரயில்கள் சிக்கிய அந்தக் கோரத்தில் சுமார் 290 பேர் இறந்தபோது, முன்பெட்டிகளில் வேலை தேடித் தெற்கே வந்துகொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை நாடு பார்த்தது.

எஸ்டேட்டில் அவர்களுக்கு வேலை கிடைக்கிறது. பிரஸ் ஷாப்பில், ஃபவுண்டரியில், பேக்கிங்கில் ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. முதல் அலையின் பிள்ளைகள் இன்ஜினீயரிங் படித்துவிட்டார்கள். அதே எஸ்டேட்டில் பட்டறைகளுக்கு நடுவே எழுந்திருக்கும் ஐ.டி. பார்க்குகளில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். அப்பா நின்ற லேத் மெஷின் முன்பு இன்று நிற்பவர் பீகார்க்காரர்.

இரண்டு அலைகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். முன்னவர்களைக் கம்பெனி வேலைக்கு எடுத்தது. இவர்களைப் பெரும்பாலும் கான்ட்ராக்டர் எடுக்கிறார். ஆலை மாறினால் ஆளும் மாறுவார். பி.எஃப். எண் இருக்கலாம், அதில் பணம் எடுக்கத் தெரியாது. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கலாம், மருத்துவமனையில் நோயைச் சொல்ல மொழி தெரியாது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979-லேயே ஒரு சட்டம் வந்தது. ஆள் எடுப்பவர் உரிமம் பெற வேண்டும், பயணப்படி தர வேண்டும், தங்க இடம் தர வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. அப்படி ஒரு சட்டம் தங்களுக்காக இருந்ததை அறிந்த தொழிலாளர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தங்குவது எங்கே? இங்குதான் கதை ஒரு சுற்று சுற்றி வருகிறது. ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டிய அதே முதல் தலைமுறையினர் பலர், மொட்டை மாடியில் ஷீட் போட்டும், காலி இடத்தில் வரிசையாக அறை எழுப்பியும் வாடகைக்கு விடுகிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். வாடகை தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. பகல் ஷிஃப்ட்காரர் எழுந்த பாயில் இரவு ஷிஃப்ட்காரர் படுக்கிறார். ஓய்வூதியம் போதாத ஒரு குடும்பத்துக்கு அந்த வாடகைதான் மருந்துச் செலவு. ‘வடக்கன்’ என்று தெருவில் ஒரு வார்த்தை விழுகிறது. மாதம் பிறந்ததும் அதே வடக்கன் கொடுக்கும் வாடகையில் அந்தத் தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

பூந்தமல்லி விடுதியும் லோவல் நகரமும்

வெளிமாநிலத்தவர் கதை மட்டும்தானா இது? பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் வரிசை கட்டிப் போகும் கம்பெனி பஸ்களில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போகும் பெண்களில் பலர், தமிழ்நாட்டின் வேறு மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே விடுதிகளில் தங்கியிருப்பவர்கள்.

2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே அப்படி ஒரு விடுதியில் தங்கி செல்போன் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உணவு ஒவ்வாமையால் பாதிக்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்றே தெரியாத பதற்றத்தில், மற்ற பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். இரவு முழுக்கப் போக்குவரத்து நின்றது. ஆலையும் சில வாரங்கள் மூடப்பட்டது.

இதற்கும் ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவின் லோவல் நகர நூற்பாலைகளில், பண்ணைக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் கம்பெனி விடுதிகளில் தங்கி வேலை பார்த்தார்கள். 1836-ல் விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோது, ஆலையைவிட்டு வெளியேறித் தெருவில் இறங்கினார்கள். இரண்டுக்கும் இடையே 185 ஆண்டுகள். கேட்டது ஒன்றுதான்: மனிதர் தங்கும்படியான இடம்.

பூந்தமல்லிச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பை அரசு சுமார் 706 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஆகஸ்ட்டில் திறந்தது. மனது வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால், எஸ்டேட்டின் சிறு பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அப்படி ஓர் இடம் யார் கட்டுவது?

மௌலிவாக்கம் மறக்கக் கூடாதது

2014 ஜூன் 28. போரூர் அருகே மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மாலை மழையில் அப்படியே சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவின் வட மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகக் கிராமங்களிலிருந்தும் வந்திருந்த கட்டடத் தொழிலாளர்கள் அவர்கள். தாங்கள் ஒரு நாளும் குடியிருக்க முடியாத வீட்டைக் கட்ட வந்தவர்கள்.

நியூயார்க்கில் 1911-ல் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்தபோது 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். கதவு பூட்டியிருந்தது. அந்தத் தீக்குப் பிறகு நியூயார்க் மாநிலம் விசாரணைக் குழு அமைத்து, தொழிலாளர் பாதுகாப்புக்காகச் சில ஆண்டுகளிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்களைக் கொண்டுவந்தது. மௌலிவாக்கத்தில் மிச்சமிருந்த இன்னொரு கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது, டி.வி. முன்பு உட்கார்ந்து அதைப் பார்த்தோம். செத்தவர்களின் ஊர்ப் பெயர் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ஒரு வாட்ஸ்அப் வீடியோ போதும்

2020 கொரோனா ஊரடங்கில் வேலையும் சோறும் இல்லாமல் மூட்டை முடிச்சோடு அவர்கள் ஊர் திரும்பினார்கள். அப்போதுதான் எஸ்டேட்டுக்கு அவர்களின் அருமை தெரிந்தது. ஊரடங்கு தளர்ந்ததும், ஆலைகள் பல செலவு செய்து அவர்களைத் திரும்பக் கூட்டிவர வேண்டியிருந்தது.

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கோ நடந்த சண்டைகளை இங்கே நடந்ததாகக் காட்டிய வீடியோக்கள். தமிழகக் காவல்துறை அவை பொய் என்று அறிவித்தது. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி நேரில் விசாரித்தது. வதந்தியைப் பரப்பியவர்கள் கைதானார்கள். அதற்குள் பயந்துபோன பலர் ரயில் ஏறியிருந்தார்கள். பல ஆண்டுகள் இங்கே உழைத்த ஒருவரை ஒரு செல்போன் வீடியோ ஒரே இரவில் கிளப்பிவிட முடிகிறது என்றால், இந்த ஊரில் அவருக்கு வேர் இல்லை என்றுதான் பொருள்.

அந்தப் பயம் தமிழர்களுக்குப் புதிதல்ல. பர்மாவிலும் இலங்கையிலும் பட்டது அது. 1960-களின் இறுதியில் பம்பாயில் ‘மதராசிகளே வெளியேறுங்கள்’ என்ற கூச்சலைக் கேட்டவர்களின் பிள்ளைகள் இன்னமும் தாராவியில் இருக்கிறார்கள்.

அடுத்த ஸ்டாப்

சில கதவுகள் திறந்திருக்கின்றன. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் தமிழ்நாடு 2020-ல் சேர்ந்தது. சொந்த ஊர் கார்டை வைத்தே இங்குள்ள ரேஷன் கடையில் அரிசி, கோதுமை வாங்கலாம். குடும்பத்தோடு வருபவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் அ, ஆ எழுதுகிறார்கள். பள்ளி விட்டதும் அம்மாவுக்காகக் கடையில் தமிழில் பேரம் பேசுவது அந்தப் பிள்ளைதான்.

சிகாகோவும் நியூயார்க்கும் புதிதாக வந்தவர்களை அன்போடு அணைத்துக்கொண்ட நகரங்கள் அல்ல. ஜன்னல் வைத்த அறை, திறந்திருக்கும் கதவு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், நாலு பேர் சேர்ந்து கேட்க ஒரு சங்கம் என ஒவ்வொன்றாகப் போராடி வாங்கித்தான் அந்த அயர்லாந்துக்காரரும் இத்தாலியரும் அந்த ஊர்க்காரர் ஆனார்கள். அம்பத்தூரின் முதல் தலைமுறையும் அப்படித்தான் ஆனது. பி.எஃப்.பும் யூனியனும் ஒரு கிரவுண்டும் இல்லாதிருந்தால், அவர்களும் ஆலை தடுமாறிய அன்றே தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பார்கள்.

அடுத்த முறை அந்தப் பேருந்தில் போகும்போது, கையில் டிபன் பாக்ஸோடு, நெற்றியில் வியர்வையோடு, உடைந்த தமிழில் “அண்ணா, டன்லப்” என்று சில்லறை நீட்டும் இளைஞரைப் பாருங்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே சாலையில் இதே வயதில் சில்லறை நீட்டியவர், அநேகமாக உங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்தில் இருப்பார்.